சிலுவையடிப் பாட்டுக்கு ஓர் ஒப்பீட்டு அறிக்கை

"புதிய பாடல் எதையும் பாடுமுன் மேலலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் சென்று சேர்ந்த முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அனுமதி அளிக்கப்பட்டதாகவே கருதப்படும்."

எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவின் விதி ஏழு இப்படிச் சொல்கிறது. மேலலுவலகம் என்றால் ஆயர் இல்லம். நல்ல விதி. எழுதியவன் நான்.

தாலுகா அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவனை ஊர் சும்மா விடாது. கோயிலில் எந்தக் குழு அமைத்தாலும் அதற்கு விதிகள் எழுத என்னைக் கூப்பிடுவார்கள். பாடத் தெரியாத நான் பாடகர் குழுவுக்குச் செயலாளர் ஆனது அப்படித்தான். விதி ஏழுக்கு ஓர் உட்பிரிவும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்; இந்தக் கதையில் அது எனக்கே பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பத்து நாள் முன்பு. பாப்பிரெட்டிப்பட்டி போகும் சாலையில் ரெஜினாவின் தையல் கடை. கால்சட்டை ஒன்றின் இடுப்பைப் பிரித்துத் தரச் சொல்லிப் போயிருந்தேன். ஓய்வூதியம் உயராவிட்டாலும் இடுப்பு உயர்கிறது. ரெஜினா அளவு நாடாவைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். பேசியபோது குரல் கொஞ்சம் கரகரத்தது. சளியா என்று கேட்டேன்.

சளி இல்லை. குரல் நாணில் ஒரு சின்ன வளர்ச்சி. சேலத்தில் பார்த்திருக்கிறார்கள். உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் முடிந்து ஏழாம் வாரம் அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

"பேச்சு வந்துருமாமுங்க சார். பாட்டுதான் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க," என்றார், ஊசியில் நூல் கோத்தபடியே. "அதுக்குள்ள பெரிய வெள்ளிக்கு அந்த ரெண்டு பேரு பாட்ட ஒருக்கா பாடிட்டுப் போயி படுத்துக்கறேன்."

ரெஜினாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினாறு வயதிலிருந்து எங்கள் கோயிலின் மேல்குரல் அவருடையதுதான். "ரெண்டு பேரு பாட்டு" என்றதும் எனக்கு வேறொரு சிக்கல் தெரிந்தது. இன்னொரு குரலுக்குத் தகுதியான ஆள் இந்தப் பங்கில் ஒருவர்தான்: அவருடைய தங்கை ஜெசிந்தா. இருவரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது.

அதை நினைவூட்டினேன். ரெஜினா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பாடறதுக்குப் பேச வேண்டியதில்லீங்களே."

பாட்டு எது என்றால்

சிலுவையடியில் தாய் நின்றதைச் சொல்லும் பழைய லத்தீன் பாட்டு அது. நான் சிறுவனாகப் பூசைக்கு உதவிய காலத்தில் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிய நோட்டு ஒன்றை எங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அர்த்தம் தெரியாது. தெரியாததால்தான் தப்பில்லாமல் சொன்னோம். பின்னால் அரசாணைகளைப் படிக்கும்போது அந்தப் பயிற்சி எனக்கு மிகவும் கைகொடுத்தது.

வார்த்தை ஒன்றுதான், மெட்டு நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒவ்வொரு தலைமுறையும் அந்தத் தாயை மறுபடி அழவைத்திருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவை இரண்டு. ஒன்று முந்நூறு வருடம் முந்தையது, பரோக் என்கிறார்கள். மற்றது அதற்கு நூற்றைம்பது வருடம் பிந்தையது, ரொமான்டிக் என்கிறார்கள். பரோக் மெட்டு ரெஜினாவிடம் பழைய ஒலிநாடாவாக வந்தது. ரொமான்டிக் மெட்டு ஸ்தனிஸ்லாஸின் செல்போன் வழியாக இறங்கியது.

ஸ்தனிஸ்லாஸ் எங்கள் பாடகர் குழுத் தலைவர். தனியார் பள்ளியில் கணினி ஆசிரியர். ஒரு விரலால் கீபோர்டில் நாற்பது பேர் பாடும் ஓசையை வரவழைப்பார். குழுவில் உள்ள பதினொரு பேரும் அந்த நாற்பது பேருக்குத் துணையாகப் பாடுவது என்பது அவருடைய திட்டம்.

"அது என்னங்க சார், ரெண்டு பேரு பக்கத்துல உக்காந்து மொனகுற மாதிரி," என்றார் கூட்டத்தில். "இத கேளுங்க. ஒகேனக்கல்லுல தண்ணி தெறந்து வுட்ட மாதிரி வரும்."

அந்த அளவுக்குத் தண்ணீர் வந்தால் பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும் என்பதை நினைவுபடுத்தினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

பங்குத் தந்தை இளைஞர். எந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காகிதத்தை வைத்துவிட்டால் சண்டை வராது என்று நம்புகிறவர். இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை தயாரியுங்கள், மேலே அனுப்புவோம், அவர்கள் சொல்லட்டும் என்று முடித்தார். நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் ஒப்பீட்டு அறிக்கை கேட்டதில்லை.

கலம் ஒன்று, கலம் இரண்டு

மூன்று நாள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இரண்டையும் கேட்டேன். வீட்டில் என் மனைவி, காது பரிசோதனைக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள்.

பரோக் மெட்டு எனக்கு உடனே பிடிபட்டது. அது நன்றாக எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பு மாதிரி. கீழே ஒரு தாழ்ந்த குரல், நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். பதற்றமே இல்லாத எழுத்தர். அதன்மேல் இரண்டு பெண் குரல்கள். முதல் குரல் ஒரு சுரத்தில் போய் நிற்கும். இரண்டாம் குரல் அதற்கு அடுத்த சுரத்தில் வந்து தோளை இடிக்கும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது பல் கூசும். கூச்சம் தாங்காமல் முதலில் நின்ற குரல் ஒரு படி இறங்கும். உடனே காது குளிரும். அடுத்த வரியில் இறங்கியது இடிக்கும், இடித்தது இறங்கும். பாட்டு முழுக்க இதுதான். அழுகை என்று ஒரு சொட்டுகூட வெளியே சிந்தாது.

எங்கள் பக்கம் இழவு வூட்டில் இரண்டு பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒருத்தி வரியை முடிக்குமுன் அடுத்தவள் எடுத்துவிடுவாள். அழுகையிலும் முறை உண்டு.

ரொமான்டிக் மெட்டு அதே இழவு வூட்டுக்குச் சம்பந்தி வீட்டார் தப்பட்டையோடு வருவது. வாத்தியங்கள் முதலில் அடியில் உறுமும். யாரும் வாயைத் திறப்பதற்கே பல நிமிடம் ஆகும். பிறகு ஒருவர், நால்வர், ஊரே. ஏறும், உடையும், மறுபடி அடியிலிருந்து ஏறும். பரோக்கில் தாய் நிற்கிறாள், நாம் பார்க்கிறோம். ரொமான்டிக்கில் தாய் எங்கே என்று தெரியாது. அழுகிறவர் மெட்டு போட்டவர்தான். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இரண்டாம் நாள் கேட்டபோது, அந்த மெட்டு மூன்றாம் தடவை ஏறி உடைந்த இடத்தில், என் கண்ணாடி மங்கியது. இதை அறிக்கையில் சேர்க்கவில்லை. அதற்கான தலைப்பு இல்லை.

அட்டவணையின் முதல் கலத்தில் பரோக், இரண்டாம் கலத்தில் ரொமான்டிக்; ஒப்பிட்ட தலைப்புகள் இவை: தேவைப்படும் ஆட்கள், தேவைப்படும் கருவிகள், எடுக்கும் நேரம், பாடுவோரின் உடல்நிலை, கேட்போரின் உடல்நிலை. பெரிய வெள்ளியன்று கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம், தனியாக முழங்கக் கூடாது என்ற பழைய ஒழுங்கையும் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். அந்த ஒரு அடிக்குறிப்பே விஷயத்தை முடித்திருக்கும். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். நானே படித்ததில்லை.

தவக்காலத்தின் முதல் சனிக்கிழமை, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை சேர்ந்தது. முப்பது நாளை எண்ணினேன். பெரிய வெள்ளிக்கு ஐந்து நாள் முந்திய குருத்து ஞாயிறுக்கு முன்பே முடிந்துவிடும். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் அதைவிட நல்லது. விதி ஏழு இருக்கிறது.

முறையான வழியில் ஒத்திகை

அனுமதி எப்படியும் வரும் என்ற கணக்கில் பயிற்சி தொடங்கியது. ஜெசிந்தா சத்துணவு மையத்தில் அமைப்பாளர். நூற்றிருபது பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் உட்கார வைக்கும் குரல். அவருடைய மகன் கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கீபோர்டு குழுவைப் பாட அழைத்தார்கள், பெரியம்மாவான ரெஜினாவைப் பாடக் கூப்பிடவில்லை. ரெஜினா கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடாமல், சாப்பிடாமல் போனார். சண்டை அவ்வளவுதான். நிலம், நகை எதுவும் இல்லை. அதனால்தான் தீர்க்க முடியவில்லை. பங்கிட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாத வழக்கு.

கோயிலின் பக்கவாட்டு அறை. இருவரும் இரண்டு முழ இடைவெளியில், இரண்டு சன்னல்களைப் பார்த்து நிற்பார்கள். நடுவில் நான்.

"சார், மூணாவது வரில அவங்கள மூச்சு வுடாம இழுக்கச் சொல்லுங்க," என்பார் ஜெசிந்தா.

நான் திரும்பி, மூன்றாவது வரியில் மூச்சு விடாமல் இழுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது என்பேன்.

"அவங்க சீக்கிரமா வந்து இடிக்கறாங்க. அதான் மூச்சு பத்தல, சொல்லிருங்க."

இதையும் சேர்ப்பித்தேன். பணிக்காலத்தில் இரண்டு துறைகளுக்கு நடுவில் நின்று பழகியவனுக்கு இது பெரிய வேலையில்லை. கஷ்டம் பாட்டில்தான் இருந்தது. இடிக்கிற இடத்தில் இருவரும் அருமையாக இடித்தார்கள். இறங்க வேண்டிய இடத்தில் இருவருமே இறங்கவில்லை. பல் கூசிக்கொண்டே அடுத்த வரிக்குப் போனது. நான்காம் வாரத்தில்தான், களைப்பினாலோ என்னவோ, ரெஜினா முதலில் இறங்கினார். அடுத்த வரியில் ஜெசிந்தா இறங்கினார். இருவரும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஸ்தனிஸ்லாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டதை நான் கவனிக்காதது போல் இருந்தேன்.

நினைவூட்டு என்னும் நோய்

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். பணியில் இருந்தபோது தாலுகாவுக்கு மேலலுவலகமான கோட்ட அலுவலகத்தில் ஒருவர் நீண்ட விடுப்பில் போக, அவருடைய பொறுப்பையும் எனக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். முதல் நாள் அந்த மேசையில் உட்கார்ந்தால், எதிரே என் கையெழுத்தில் மூன்று நினைவூட்டுக் கடிதங்கள். எனக்கு நானே அனுப்பியவை. கொஞ்சம் யோசித்தேன். "பரிசீலனையில் உள்ளது" என்று எழுதி எனக்கே திருப்பி அனுப்பினேன். மறுவாரம் என் அலுவலகத்தில் அதைப் படித்து, எனக்கு வந்த கோபம் உண்மையான கோபம்.

அந்தக் காலத்தில் நினைவூட்டு அனுப்பியே உயிரை வாங்குகிறவர்களைக் கண்டு வெறுத்துப்போய், கோயில் விதிகள் எழுதும்போது விதி ஏழின் கீழ் ஓர் உட்பிரிவைச் செருகினேன்: "இடையில் நினைவூட்டுக் கடிதம் அனுப்பினால், முப்பது நாள் என்பது அக்கடிதம் சென்று சேர்ந்த நாளிலிருந்து மறுபடி கணக்கிடப்படும்." எழுதியபோது எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

இருபத்தாறாம் நாள், காலை பத்தரை மணி. நாட்குறிப்பைத் திறந்தேன். பதில் இல்லை. கை தானாகத் தாளை எடுத்தது. பார்வையில் காணும் கடிதத்துக்கு இதுநாள்வரை பதில் பெறப்படவில்லை என எழுதியது. தபால் நிலையத்துக்குக் கால்கள் நடந்தன. ஒப்புகை அட்டை ஒட்டி, சீட்டு வாங்கி, வழியில் ஒரு காப்பியும் குடித்துத் திரும்பினேன். மனதுக்கு நிறைவாக இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொள்ளும்போது உட்பிரிவு ஞாபகம் வந்தது.

புதிய முப்பது நாள் எங்கே முடிகிறது என்று எண்ணத் தேவையே இல்லை. உயிர்ப்பு ஞாயிறைத் தாண்டி எங்கோ கோடையில் முடிந்தது. நான்கு நாள் சும்மா இருந்திருந்தால் போதும். சும்மா இருப்பதற்கு மட்டும் எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை.

தையல் கடைக்குப் போய் நின்றபடியே சொன்னேன். ரெஜினா தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அந்த விதி நீங்க எழுதுனதுதானுங்களே?"

"ஆமாம்."

"நல்லா எழுதியிருக்கீங்க சார்."

என் கால்சட்டையை மடித்துக் கையில் கொடுத்தார். இடுப்பைப் பிரித்து ஒழுங்காகத் தைத்திருந்தார். கூலி வாங்க மறுத்தார். அதுதான் பெரிய தண்டனை.

பங்குத் தந்தையிடம் போனேன். அவர் விதிப் புத்தகத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, மேலிருந்து காகிதம் வரட்டுமே சார் என்றார் வருத்தத்தோடு. இரண்டு மெட்டும் வேண்டாம், வழக்கமான தமிழ்ப் பாட்டே இருக்கட்டும். ஸ்தனிஸ்லாஸ் எதிர்ப்பார் என்று நினைத்தேன். அவர் கீபோர்டின் உறையை இழுத்து மூடிவிட்டு, ரெஜினாக்காவாவது பாடியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

வளைவுக்கு வெளியே

விதியால் கெட்டதை விதியால்தான் சரி செய்ய வேண்டும். புனித வாரம் முழுக்க விதிப் புத்தகத்தைப் படித்தேன். ஏழில் ஒரு சந்தும் இல்லை, எழுதியவன் கெட்டிக்காரன். ஒன்றில் இருந்தது. விதி ஒன்று, விளக்கங்கள்: "'பாடல்' என்பது கோயில் வளாகத்துக்குள் பாடப்படுவது."

வளாகம் எங்கே முடிகிறது? இது என் தொழில். நில அளவைப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். கோயிலின் நுழைவு வளைவோடு எல்லை முடிகிறது. வளைவுக்கு வெளியே நெடுஞ்சாலைப் புறம்போக்கு. அங்கே பாட மேலலுவலகத்தின் அனுமதி வேண்டாம். காவல் நிலையத்தின் அனுமதி வேண்டும். ஊர்வலத்துக்கென்று அதை ஏற்கெனவே வாங்கியாயிற்று.

எங்கள் பங்கில் பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் துயருறும் தாயான வியாகுல மாதா சுரூபத்தைச் சாலை வரை தூக்கிவந்து, மரித்த ஆண்டவர் சுரூபம் வரும்வரை காத்து நிற்பது வழக்கம். பெண்கள் அப்போது அழுவார்கள். அந்தக் காத்திருப்பு கால்மணி நேரம். பங்குத் தந்தையிடம் புலப்படத்தைக் காட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் செப வேளைக்குப் போய்விட்டார். எழுத்தில் இல்லாத ஒப்புதலை அன்றுதான் நான் முதல்முறையாக ஏற்றுக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்தரை. எல்லாரும் வெறுங்காலில். தார் இன்னும் சுட்டது. மெழுகுவர்த்தி வெயிலில் வளைந்து விரலில் ஒட்டியது. அரூர் போகும் டவுன் பஸ் ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு உறுமியது. ரொமான்டிக் மெட்டின் முன்னிசை இதுதான் என்று பக்கத்தில் இருந்த ஸ்தனிஸ்லாஸிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. செல்போனில் ஒரு சுரத்தை மட்டும் மெதுவாக ஒலிக்கவிட்டு, ரெஜினாவின் காதருகே பிடித்தார்.

ரெஜினா தொடங்கினார். சுரத்தில் போய் நின்றார். ஜெசிந்தா வந்து இடித்தார். பஸ் ஓட்டுநர் என்ன நினைத்தாரோ, என்ஜினை அணைத்தார். ரெஜினா இறங்கினார்.

இரண்டாம் சுற்றில், உச்சியில், ரெஜினாவின் குரல் உடைந்தது. காற்றுதான் வந்தது. அந்த இடத்தில் இரண்டாம் குரல் சும்மா இருக்க வேண்டும். மெட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஜெசிந்தா சும்மா இருக்கவில்லை. அக்காவின் சுரத்தை எடுத்துப் பிடித்துக்கொண்டார், ரெஜினாவுக்கு மூச்சு திரும்பும்வரை. பிறகு அதை விட்டுவிட்டுத் தன் இடத்துக்கு இறங்கினார். அனுமதி கோரிய வடிவத்திலிருந்து இது ஒரு விலகல். பதிவு செய்யவில்லை.

பாட்டு முடிந்ததும் ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். கையில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில்.

"அவங்களத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க சார்."

ரெஜினா ஓர் அடி தூரத்தில் நின்றிருந்தார். சேர்ப்பித்தேன்.

வரப்பெற்றது

ஏழு வாரம் கழித்து, அறுவை சிகிச்சை முடிந்து ரெஜினா வீடு திரும்பினார். இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று உத்தரவு. அதன் பிறகுதான் குரல் எப்படி என்று தெரியும். ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கிவைத்திருந்தார்.

அந்த வாரத்தில்தான் மேலலுவலகத்தின் உறை வந்தது. கையில் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் ஜெசிந்தாவின் செருப்பு. உள்ளே ஒன்பது வருடத்துப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது: கல்யாணத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள், கீபோர்டு குழுவை யார் ஏற்பாடு செய்தது, சாப்பிடாமல் போனது சரியா. என்னைப் பார்த்தும் ஜெசிந்தா நிறுத்தவில்லை.

"ரெண்டு வாரத்துக்கு எதுத்துப் பேசக் கூடாதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காருங்க சார். இத வுட்டா எனக்கு வேற எப்ப நேரம் கெடைக்கும்?"

உறையைப் பிரித்து வாசித்தேன். ஒப்பீட்டு அறிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. முதல் கலத்தில் கண்ட இரு குரல் மெட்டைப் பெரிய வெள்ளியன்று பாட அனுமதி அளிக்கப்படுகிறது. இவ்வனுமதி நடப்பு ஆண்டின் பெரிய வெள்ளிக்கு மட்டுமே செல்லும்.

ஜெசிந்தா முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினார். ரெஜினா சிலேட்டை மடியில் வைத்து நிதானமாக எழுதி என் பக்கம் திருப்பினார்.

"அடுத்த வருசத்துக்கு இன்னைக்கே மனு போடுங்க. எங்க ரெண்டு பேருக்கும் சேத்து. நினைவூட்டு வேணாம்."

பேனாவை எடுத்தேன். பழக்கப்படி கடிதத்தின் இடது மூலையில் முதலில் வரப்பெற்ற நாளைக் குறித்தேன்: தூய ஆவி இறங்கிச் சீடர்கள் எல்லாரும் வாய் திறந்து பேசத் தொடங்கிய பெருவிழாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை.